மறுமொழி: தோட்டக் காணியில் திசில் முட்செடி

அன்பின் உறவுகளே,

இங்கிலாந்துக் காணியில் வெட்ட வெட்ட முளைக்கிறது என்று தம்பி எழுதியது கிரீப்பிங் திசில். 1959ஆம் ஆண்டுக் களைச் சட்டத்தில் பெயர் குறித்த ஐந்து களைகளில் இதுவும் ஒன்று. பக்கத்துக் காணிக்குப் பரவ விடாதீர்கள்.

இதன் பலம் வேரில் சேர்த்து வைத்த இனுலின் என்னும் மாச்சத்து. வசந்தத்தில் அதைச் செலவழித்துத்தான் முளை எழும்பும். மொட்டுக் கட்டும் ஜூன் மாதத்தில் வேரில் அந்தச் சேமிப்பு மிகவும் குறைந்திருக்கும். முதல் வெட்டு அப்போது, பூ விரிய முன்னர். விரிந்த பூவை வெட்டிப் போட்டால் கிடந்தபடியே விதை முற்றக்கூடும். மூன்று நான்கு கிழமையில் மறுமுளை எட்டுப் பத்து இலை விட்டதும் திரும்ப வெட்டுங்கள். அதற்கு மேல் விட்டால் இலைகள் உண்டாக்கும் சத்து வேருக்கு இறங்கத் தொடங்கிவிடும். ஒரே வருடத்தில் அழியாது. இரண்டு மூன்று வருடம் விடாமல் செய்ய வேண்டும். மண்ணைக் கிளறும் ரொட்டவேற்றர் இயந்திரம் வேண்டாம்: ஓர் அங்குல வேர்த்துண்டும் முளைக்கும். ஊரில் கோரையை உழுது பரப்பிவிடுகிற அதே கதைதான்.

இனி, இந்தத் திசிலைத் தாக்கி நமக்கு உதவும் துருநோய் என்னும் பூஞ்சண நோய். வெளிறி, மெலிந்து, பூக்காமல் நிற்கும் தண்டுகளைக் கண்டால் பிடுங்காதீர்கள். வசந்தத்தில் அவற்றில் இனிய வாசம் வரும், பிறகு இலையடியில் கபிலநிறத் தூள் படியும். இந்தப் பூஞ்சணம் பயிர்களைத் தொடாது, இந்தத் திசிலோடுதான் வாழும். 1893இலேயே அமெரிக்காவில் இதைக் களைக்கு எதிராகப் பயன்படுத்தலாம் என்ற யோசனை எழுந்தது.

இலையுதிர்காலத்தில் செடி சத்தை வேருக்கு அனுப்பும்போது பூஞ்சணமும் இலையிலிருந்து வேருக்கு இறங்கும். மறுவசந்தத்தில் அந்த வேரிலிருந்து வரும் முளைகள் நோயோடு பிறந்து, வேருக்கு ஒன்றும் திருப்பிக் கொடுக்காமல் சாகும். ஆகவே கடைசி வெட்டை ஜூலை நடுவோடு நிறுத்துங்கள். அதன்பின் நிலத்தோடு படர்ந்து வரும் புதுத் தளிரில்தான் நோய் தொற்றும். ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பரில் நோய்பட்ட இலைகளைக் காயவைத்துப் பொடியாக்கி, பனி இறங்கும் மாலையில் ஈரமான தளிர்களில் தூவுங்கள். இலை இரவு முழுக்க ஈரமாக இருக்காவிட்டால் தொற்றாது. தூவிய இடத்தில் அந்த வருடம் பிறகு வெட்டவே கூடாது. பலர் பிழை விடுவது இதில்தான். துப்புரவாக இருக்கட்டும் என்று ஒக்டோபரில் வெட்டினால் பூஞ்சணம் இறங்கும் வழியும் போய்விடும்.

தம்பி, வெளிறிய தண்டு இருந்தால் இலையின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து குழுவுக்கு அனுப்புங்கோ.