மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிபோகிறீர்களா? போனவர்கள் சொல்கிறோம்

ஈப்போவிலிருந்து யீஷூன்

சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, குடும்பத்தோடு போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்றுதான். வம்புக்காகக் கேட்பதில்லை. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் போகிறவர் மனைவி மக்களைக் கூட்டிக்கொள்ள, நிலையான மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையக்கூடாது. ஓவர்டைமும் போனஸும் அந்தக் கணக்கில் வராது. அப்பா அம்மாவையும் அழைத்துக்கொள்ள 12,000 வெள்ளி வேண்டும். இது தெரியாமல் சாமான்களை எல்லாம் விற்றுவிட்டு நிற்கிற குடும்பங்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை ஓர் அலமாரியைக்கூட விற்காதீர்கள்.

எங்களுக்குச் சம்பளத்தில் சிக்கல் இல்லை. அலைய வைத்தது மகளின் தடுப்பூசிப் புத்தகம். வெளிநாட்டில் பிறந்த, 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசியும் தொண்டை அடைப்பான் ஊசியும் போட்டதற்கு அத்தாட்சி காட்டினால்தான் பாஸ் வாங்க முடியும். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தில் அந்தப் பக்கம் ஈரம் பட்டு மை கலைந்துபோயிருந்தது. மாதம் தெரிந்தது, தேதி தெரியவில்லை. பிறகு அதே கிளினிக்குக்கே போனோம். அங்கிருந்த வயதான மிஸி (தாதி) பழைய பதிவேட்டைப் புரட்டி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்து, தேதியைப் புதிதாக எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். "இரண்டு காப்பி எடுத்து வெச்சுக்கம்மா" என்றும் சொன்னார். அவர் நன்றாக இருக்கவேண்டும். சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), திருமணச் சான்றிதழ் எல்லாம் மலாயில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். அதையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

வீடு தேடும்போது நமக்கு ஒரு சலுகை உண்டு. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவதில் இருக்கிற ஒதுக்கீட்டு வரம்பு மலேசியர்களுக்குக் கிடையாது. வாடகை ஒப்பந்தம் குறைந்தது 6 மாதம். நமக்கு ஒரே தடவையில் 3 வருஷம் வரை போடலாம். ஆனால் வீட்டுக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி "சமையல் உண்டா?" என்பதுதான். நாங்கள் பார்த்த மூன்றாவது வீட்டில் ஒரு சீன அம்மா அடுப்பைத் தொட்டுக் காட்டி, "லைட் குக்கிங் மட்டும்" என்றார். தினமும் குழம்பு வைப்போம், தாளிப்போம், வாரத்தில் ஒருநாள் மீன் பொரிப்போம் என்று நேராகவே சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கவேண்டும், ஒவ்வொரு மாதமும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இன்றுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. கேட்காமலே குடி வந்த வீட்டில் பாதியில் தகராறு வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

முத்திரை வரியை மறந்துவிடாதீர்கள். 2,500 வெள்ளி வாடகையில் 2 வருஷம் என்றால் மொத்தம் 60,000. அதில் 0.4 விழுக்காடு, அதாவது 240 வெள்ளி. கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் கட்டவேண்டும்.

ஸ்கூடாயிலிருந்து துவாஸ்

அக்கா சொன்ன 6,000 எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் மனைவியும் பிள்ளைகளும் ஸ்கூடாயிலேயே இருக்கிறார்கள். நான் திங்கள் முதல் வெள்ளி வரை அறை எடுத்துத் தங்கிவிட்டு, வெள்ளி ராத்திரி இரண்டாம் பாலம் வழியாக வீட்டுக்கு வருகிறேன். நம் ஆட்கள் பலபேர் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். நிரந்தரவாசம் கிடைக்கும்வரை நமக்கு சிபிஎஃப் என்ற சிங்கப்பூர்ச் சேமநிதி கிடையாது. இந்தப் பக்கம் மலேசியச் சேமநிதியான ஈபிஎஃப்-இலும் முதலாளி போடுவது நின்றுவிடும். கைக்கு வருகிற வெள்ளியை ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம், வயசான காலத்துக்கென்று யாரும் எடுத்து வைப்பதில்லை. ஈபிஎஃப்-இல் நாமாகவே வருஷத்துக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை போடலாம். சம்பளம் வந்த அன்றே 500 ரிங்கிட்டாவது போட்டுவிடுங்கள் தம்பிகளா.

இன்னொன்று, வேப் (மின்சிகரெட்) பழக்கம் இருந்தால் எல்லை தாண்டுமுன் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் வைத்திருந்தாலே குற்றம்.

கிள்ளானிலிருந்து பொங்கோல்

பள்ளிக்கூடம் பற்றி மட்டும் சொல்கிறேன். என் மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தவன். சிங்கப்பூரில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில், தமிழ் ஒரு பாடம் மட்டுமே. இடையில் சேர்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. தேர்ச்சி பெற்றாலும் இடம் காலியாக இருக்கும் பள்ளியில்தான் கிடைக்கும். வீட்டுக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. அதனால் பள்ளி உறுதியாகும்வரை நீண்டகால வாடகை ஒப்பந்தம் போடவேண்டாம். கணிதம் அவனுக்குத் தெரியும், கேள்வியின் ஆங்கிலம்தான் தடுமாற வைத்தது. ஒரு வருஷம் முன்பிருந்தே வாக்கியக் கணக்குகளை ஆங்கிலத்தில் போட்டுப் பழக்குங்கள். தமிழ் போய்விடுமோ என்று பயப்படவேண்டாம். சேர்கிற பள்ளியில் தமிழ் சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால், உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களில் படிக்க ஏற்பாடு உண்டு. சேர்க்கை அன்றே இதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.