நன்னடத்தை பாண்டை மீறியதாக தம்பிக்கு சம்மன்: அடுத்து என்ன ஆகும்?

மாந்தோப்பு (ராயக்கோட்டை):
வணக்கம்ங்க. பழைய ஐ.பி.சி. 324 கேஸ்ல (ஆயுதத்தால காயப்படுத்தினது) தம்பி குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. ஜெயிலுக்கு அனுப்பாம, 1958 நன்னடத்தைச் சட்டம் 4-வது பிரிவுல 2 வருஷ பாண்டுல (ஒழுங்கா நடந்துப்பேன்னு எழுதிக் கொடுக்கற உறுதிப் பத்திரம்) விட்டாங்க. மாசம் ஒருமுறை நன்னடத்தை அலுவலர் முன்னாடி ஆஜராகணும், சொல்லாம இருப்பிடம் மாறக்கூடாதுன்னு நிபந்தனை. பொம்மசந்திராவுல கம்பெனி வேலை கிடைச்சதும் சொல்லாம போயிட்டான், மூணு மாசமா ஆஜராகல. இப்ப அவனுக்கும் ஜாமீன் போட்ட மாமாவுக்கும் சம்மன் வந்திருக்கு. பிடிச்சு உள்ள போட்டுடுவாங்களா? அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுல இருந்தா ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க, நிஜமா?

கெலமங்கலம்:
முதல் தடவைதானே, 50 ரூபாய் அபராதத்தோட முடிஞ்சிடும். பயப்படாதீங்க.

சட்டத்துணை:
மேலே உள்ள பதிலை அப்படியே நம்ப வேண்டாம். அதே 1958 சட்டத்தின் 9-வது பிரிவின்படி, நிபந்தனை மீறப்பட்டது என்று விசாரணைக்குப் பின் கோர்ட் கருதினால் அதன் முன் இரண்டு வழிகள் உண்டு. பழைய குற்றத்துக்கே இப்போது தண்டனை விதிக்கலாம். 324-க்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. முதல் மீறலாக இருந்தால், பாண்டைத் தொடரவிட்டு 50 ரூபாய்க்கு மிகாமல் அபராதம் போடலாம். எதைச் செய்வது என்பது கோர்ட்டின் விருப்பம், கேட்டு வாங்கும் உரிமை கிடையாது. அந்த 50 ரூபாயைக் குறித்த கெடுவுக்குள் கட்டாமல் விட்டாலும் பழைய குற்றத்துக்குத் தண்டனை வரலாம்.

பலர் கவனிக்காத இடம் 12-வது பிரிவு. 4-வது பிரிவில் பாண்டில் விடப்பட்டவரை, குற்றவாளி என்ற தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு (சில பதவி, வேலைகளுக்குத் தகுதி இல்லாமல் போவது) தொடாது. பாண்டு மீறலால் பழைய குற்றத்துக்குத் தண்டனை விழுந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். சின்ன வயசுப் பையனுக்கு ஜெயிலைவிட இதுதான் நீண்ட நாள் அடி.

வந்திருப்பது சம்மன் என்பதே நல்ல விஷயம், முதலிலேயே கைது வாரண்ட் போடவும் சட்டம் இடம் தருகிறது. வாய்தாவுக்குப் போகாவிட்டால் அடுத்தது அதுதான். வாரண்ட் இந்தியா முழுக்கச் செல்லும், ரத்தாகும்வரை காலாவதி ஆகாது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்றவர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பாண்டுபத்திரம்:
மாமாவும் கட்டாயம் ஆஜராகணும். கோர்ட் பாண்டை பறிமுதல் செய்தாலும் (அதில் எழுதிய தொகையைக் கட்ட வேண்டிய நிலை வந்தாலும்), 'ஏன் அந்தத் தொகையைக் கட்டக்கூடாது' என்று காரணம் கேட்டுத்தான் வசூலுக்குப் போகும். காரணம் நியாயமாக இருந்தால் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அதிகாரம் இருக்கு. பையன் போன இடம் தெரிஞ்ச உடனே அலுவலருக்கு மாமா எழுதிக் கொடுத்திருந்தா அந்த நகல் ரொம்ப உதவும். இல்லைன்னா இன்றைக்காவது எழுதி, பெற்ற முத்திரையோட ஒரு நகல் வாங்கி வைங்க.

மாந்தோப்பு:
ரொம்ப நன்றிங்க. வேலையை விட்டுட்டு வரணுமா?

சட்டத்துணை:
அவசியமில்லை. 8-வது பிரிவில் நிபந்தனையை மாற்றலாம், ஆனால் அந்த மனு நன்னடத்தை அலுவலர் வழியாகத்தான் வரணும். அதனால் வாய்தாவுக்கு முன்பே தம்பி அவரை நேரில் பார்க்கட்டும். கம்பெனி வேலை உத்தரவு, வருகைப் பதிவு, தங்கியிருக்கும் வாடகை வீட்டு முகவரி ஆகியவற்றின் நகலோட, ஏன் வரமுடியவில்லை என்று கையெழுத்திட்ட கடிதமும் கொடுக்கணும். 'ஷிஃப்ட் இருந்தது' என்று வெறுமனே எழுதாமல், தேதிவாரியாக எழுதணும். மாற்றத்துக்கு மாமா சம்மதிக்காவிட்டால் புது பாண்டு எழுதச் சொல்லலாம். தம்பி அதை எழுத மறுத்தால் பழைய குற்றத்துக்குத் தண்டனை வரலாம். அதனால் மாமாவை முதலிலேயே பேசிச் சம்மதிக்க வையுங்கள். கால நீட்டிப்பு கொடுத்தாலும் முதல் உத்தரவு தேதியிலிருந்து மொத்தம் 3 ஆண்டைத் தாண்டக்கூடாது.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், எண் 15100. சம்மனையும் 4-வது பிரிவு உத்தரவின் நகலையும் கையோடு எடுத்துப் போங்க. நிபந்தனைகள் எப்படி எழுதப்பட்டிருக்கு என்பதை வைத்துத்தான் வாதம் அமையும்.