டார்ட் மோதல்: "கல்லைத் தள்ள முடியும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

ஒத்தக்கடை வாத்தியார்:
எட்டாம் வகுப்புக்கு டார்ட் பற்றி, அதாவது விண்கலத்தை மோதவிட்டு விண்கல்லின் பாதையை மாற்றிப் பார்த்த நாசாவின் சோதனை பற்றிச் சொல்லப் போகிறேன். டிடிமோஸ் குறுங்கோள் சுமார் 780 மீட்டர். அதைச் சுற்றும் குட்டி நிலா டிமார்ஃபோஸ் சுமார் 160 மீட்டர். 2022 செப்டம்பர் 26-ல் நாசா விண்கலம் நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் அந்தக் குட்டிமேல் மோதியது. 11 மணி 55 நிமிடமாக இருந்த சுற்று நேரம் சுமார் 32 நிமிடம் குறைந்தது. "பூமிமேல் விழ வரும் கல்லை மனிதனால் தள்ள முடியும்" என்று முடிக்கலாம்தானே?

மேலூர் பாண்டி:
அந்தக் கடைசி வரியை எடுத்துருங்க சார். குட்டி பெரியதைச் சுத்துற பாதைதான் மாறுச்சு. நமக்கு மாற வேண்டியது சூரியனைச் சுத்துற பாதை.

வைகை வடகரை:
பாண்டி அண்ணே, ஜோடியைத் தேர்ந்தெடுத்ததே அதனாலதான். இடிச்சதுல குட்டியோட வேகம் நொடிக்கு சில மில்லிமீட்டர்தான் மாறுச்சு. தனிக் கல்லா இருந்தா அந்த மாற்றம் புலப்பட வருஷக்கணக்காகும். இங்க குட்டி, பெரியதுக்கு முன்னாலயும் பின்னாலயும் போறப்ப வெளிச்சம் குறையுது. அந்தக் குறைவு எப்பெப்ப வருதுன்னு தொலைநோக்கியில குறிச்சு, ரெண்டே வாரத்துல கணக்குச் சொல்லிட்டாங்க. 73 நொடி மாறினாலே வெற்றின்னு வச்சிருந்தாங்க. கிடைச்சது 32 நிமிஷம்!

மேலூர் பாண்டி:
அந்த 32 நிமிஷமே எப்படி வந்துச்சு தங்கச்சி? எங்க ஊர்க் குவாரியில முழுப் பாறைமேல விழுற அடியும் ஜல்லிக் குவியல்மேல விழுற அடியும் ஒண்ணா? டிமார்ஃபோஸ் கல்லும் தூசியும் சேர்ந்த குவியல்னுதான் படத்தைப் பார்த்தவங்க சொல்றாங்க. சிதறிப் பின்னால பறந்ததுதான் அதை ஓங்கித் தள்ளிவிட்டுச்சு. கலம் தனியாக் கொடுத்திருக்கக்கூடிய உந்தத்தைப்போல சுமார் 3.6 மடங்குன்னு கணக்கு. வர்றது இரும்புக் கல்லா இருந்தா அந்த மடங்கு கிடைக்குமா? 2013-ல ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் ஊர் மேல வெடிச்ச கல்லை யாரும் முன்கூட்டிப் பார்க்கவே இல்ல. ஆயிரத்துக்கு மேல காயம். முதல்ல கண்டுபிடிக்கணும், அதைச் சொல்லுங்க.

வைகை வடகரை:
3.6-ஐ உறுதியாக்க டிமார்ஃபோஸ் எடை தெரியணும். அதுக்குத்தான் ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 அக்டோபர் 7-ல ஹேரா விண்கலத்தை அங்க அனுப்புச்சு. 2026 கடைசியில போய்ச் சேரணும்னு திட்டம்.

ஒத்தக்கடை வாத்தியார்:
வரி இருக்கும். முன்னால் "பல வருஷம் முந்தியே கண்டுபிடித்தால்" என்று சேர்க்கிறேன்.

மேலூர் பாண்டி:
"சில வகைக் கல்லை"ன்னும் சேருங்க சார்.

வைகை வடகரை:
அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. தூசி பறக்காட்டியும் கலத்தோட இடி இடிதான். இரும்புக் கல்லுக்கும் அந்த உந்தம் போய்ச் சேரும். மடங்கு குறைஞ்சா இன்னும் கனமான கலம் அனுப்பணும், இல்ல இன்னும் சில வருஷம் முந்தி இடிக்கணும்.