நாய்க்குட்டிக்கும் பிள்ளைக்கும் ஒரே பன்னிரண்டு கிழமையோ?

கோண்டாவிலான்:
நேற்று நாய் வளர்ப்புத் திரியில் பனங்கொட்டை எழுதியதைப் படித்ததில் இருந்து நித்திரை இல்லை. "நாய்க்குட்டியோ கைக்குழந்தையோ, பன்னிரண்டு கிழமைதான் தவணை. அதற்குள் ஆட்களோடு பழக்காவிட்டால் காலத்துக்கும் ஒட்டாது" என்கிறார். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் கழியும்வரை துடக்கு. அதற்குப் பிறகும் நாவூறு பட்டுவிடும் என்று அம்மம்மா ஒருவர் கண்ணிலும் காட்ட மாட்டா. இவருடைய கணக்குப்படி யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் ஆளைக் கண்டதும் கட்டிலுக்குக் கீழே ஓடவேண்டும். நான் ஓடவில்லை. 31 வருடம் கந்தோரில் சனத்தோடு மல்லுக்கட்டியவன். கேட்பது ஒன்றுதான்: அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?

பனங்கொட்டை:
அண்ணை, நான் வடலிக்குள் பொறுக்கி எடுத்த எண் இல்லை அது. அமெரிக்காவில் மேய்ன் மாநிலம், பார் ஹார்பர் ஆய்வுகூடம். ஸ்கொட், புல்லர் என்ற இரண்டு பேர் வருடக்கணக்காக நாய் வளர்த்துப் பார்த்துச் சொன்னது. மூன்றாம் கிழமை அளவில் குட்டிக்குக் காது கேட்கத் தொடங்கும். அதிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் கிழமை வரைதான் பழக்குகிற காலம். 1961இல் ஃப்ரீட்மன் என்பவரும் கூட்டாளிகளும் வேலி அடைத்த வெளியில் ஆளையே காட்டாமல் குட்டிகளை வளர்த்தார்கள். 2, 3, 5, 7, 9 கிழமை வயதில் ஒவ்வொரு கூட்டத்தை எடுத்து ஒரே ஒரு கிழமை ஆட்களோடு விட்டார்கள். 14 கிழமை வரை ஆளையே காணாமல் கிடந்த குட்டிகள் காட்டு மிருகம் மாதிரி ஆகிவிட்டன. வேலி கட்டினால் என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்தானுக்கு நான் சொல்லியா தரவேண்டும்?

கோண்டாவிலான்:
பார்த்தீர்களா! பதினாலு! இவரே எழுதுகிறார் பதினாலு என்று. நேற்றுப் பன்னிரண்டு, இன்று பதினாலு, நாளைக்குப் பதினாறா? இரண்டு கிழமை எங்கே போனது?

கிணற்றடி:
எண்ணை விடுங்கள். எங்கள் வளவுக்குப் பின்னால் விறகு மாலுக்குள் ஒரு பெட்டைநாய் குட்டி போட்டது. மூன்றை ஆட்கள் எடுத்துப் போனார்கள். கறுத்தக் குட்டி ஒன்று மட்டும் தாயோடு நின்று நாலு மாதம் வரை காட்டுப் பிள்ளையாக வளர்ந்தது. பிறகு நான் எடுத்தேன். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு நான் குசினிக்குள் போய்ப் படியைத் தாண்டும் சத்தம் கேட்டால்தான் வரும். சாப்பிடும்போதும் பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராக மடங்கியபடியே இருக்கும். கையால் ஒரு துண்டு மீனை வாங்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. இன்றைக்கும் படலைச் சத்தம் கேட்டால் அம்மிக்குப் பின்னால்தான். அடித்த ஆள் ஒருவரும் இல்லை. ஆளைத் தெரியாது, அவ்வளவுதான்.

கோண்டாவிலான்:
நாலு மாதம் என்றால் பதினாறு, பதினேழு கிழமை. இதுவும் பன்னிரண்டு இல்லை. குறித்துக்கொள்கிறேன்.

கிளினிக்மிஸ்:
இரண்டு பேரும் இரண்டு விசயத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள். ஆட்களைப் பழகுவது வேறு, ஒருவரோடு ஒட்டுவது வேறு. குழந்தை ஆறாம் எட்டாம் கிழமையில் முகம் பார்த்துச் சிரிக்கும், ஆர் தூக்கினாலும் போகும். ஆறேழு மாதத்துக்குப் பிறகுதான் இன்னார் என்னுடைய ஆள் என்று பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் கண்டு அழும். ருமேனியாவில் அநாதை இல்லங்களில் கிடந்த குழந்தைகளை 2000க்குப் பிறகு வளர்ப்புக் குடும்பங்களில் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்கு முன் போன பிள்ளைகள், ஒட்டுவதில் பிந்திப் போனவர்களை விட நன்றாகத் தேறினார்கள். அங்கே கணக்கு மாதங்களில், பன்னிரண்டு கிழமையில் இல்லை. அம்மம்மா காட்டாததால் பிள்ளை கெடாது, அம்மம்மா தூக்கியபடிதானே இருந்தா.

கோண்டாவிலான்:
மிஸ் என் பக்கம். நன்றி.

கிளினிக்மிஸ்:
நான் ஒருவர் பக்கமும் இல்லை.

புதுஆள்:
வணக்கம். சந்தைக்குப் பக்கத்தில் மட்டைப்பெட்டிக்குள் ஒரு குட்டி கிடக்கிறது. எடுக்கலாமா? வயது தெரியாது.

பனங்கொட்டை:
மிஸ், 1998இல் புடாபெஸ்ட்டில் குழந்தைக்குச் செய்கிற அதே சோதனையை நாய்க்குச் செய்தார்களே. வளர்ப்பவர் அறையை விட்டுப் போவார், அறியாத ஆள் வருவார், பிறகு வளர்ப்பவர் திரும்புவார். நாய்கள் ஏறக்குறைய பிள்ளைகள் மாதிரியே நடந்தன. அப்போ இரண்டும் ஒன்றுதானே?

கோண்டாவிலான்:
அந்த நாய்களுக்கு வயது பன்னிரண்டு கிழமையா?

பனங்கொட்டை:
இல்லை, வளர்ந்த நாய்கள்.

கோண்டாவிலான்:
சரி. மூன்றாவது முறையும் பன்னிரண்டு இல்லை.

அடையாறுவாசி:
மன்னிக்கவும், சென்னையிலிருந்து படிக்கிறேன். பன்னிரண்டு கிழமை என்றால் என்ன? ஏழு கிழமைதானே இருக்கிறது?

கோண்டாவிலான்:
தம்பி, உங்களுக்கு வாரம், எங்களுக்குக் கிழமை. வாரம் வடசொல். நாங்கள் நல்ல தமிழ் பேசுகிறோம்.

அடையாறுவாசி:
அப்போது வியாழக்கிழமையை என்ன சொல்வீர்கள்?

கோண்டாவிலான்:
வியாழக்கிழமை என்றுதான். அதில் என்ன பிழை?

அடையாறுவாசி:
அதாவது வியாழன் ஏழு நாள் ஓடுமா? சும்மா கேட்டேன்.

பனங்கொட்டை:
அண்ணை, தமிழ் பிறகு. எனக்கு ஒரு பதில் வேண்டும். நான் தந்த குட்டியை ஐந்து மாதம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தது ஆர்? ஒருவர் தடவவில்லை, ஒருவர் கூப்பிடவில்லை. பிறகு தபால்காரரைக் கடித்தது என்று என்னைக் குற்றம் சொல்வதா?

கோண்டாவிலான்:
அல்சேஷன் கலப்பு என்று சொல்லித்தான் தந்தீர். இரண்டு வருடமாகக் காது நிமிரும் நிமிரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊர்நாயை அல்சேஷன் ஆக்கின வாயால்தானே பன்னிரண்டையும் சொல்கிறீர்?

பனங்கொட்டை:
காசு வாங்கினேனா?

கோண்டாவிலான்:
ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் வாங்கினீர்.

கிணற்றடி:
என்னுடைய கறுப்பனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

திண்ணைமாமி:
நாயை முற்றத்தோடு வைத்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாயோடு கட்டிலில் படுக்கின்றன. ஊசி போடாத குட்டியை ஊர் சுற்றக் கொண்டுபோய்ப் பார்வோ என்கிற தொற்றுநோய் வந்து செத்ததை நான் கண்டிருக்கிறேன்.

கிளினிக்மிஸ்:
மாமி, முதல் ஊசி ஆறு தொடக்கம் எட்டுக் கிழமையில், பிறகு பதினாறு கிழமை வரை இடைவிட்டுப் போடுவது. அதுவரை பூட்டி வைத்தால் பழக்குகிற காலம் போய்விடும். தெருவில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு காட்டலாம், ஊசி போட்ட நாய் உள்ள வீட்டுக்குக் கொண்டு போகலாம்.

கோண்டாவிலான்:
பதினாறு! இப்போது பதினாறும் வந்துவிட்டது. பனங்கொட்டை, எண்ணிக்கொண்டு வாரும்: பன்னிரண்டு, பதினாலு, பதினாறு.

பனங்கொட்டை:
அது ஊசிக் கணக்கு அண்ணை. பழக்குகிற காலத்துக்கு நான் "ஏறக்குறைய" என்று எழுதினேன். மேலே போய்ப் பாருங்கள்.

கோண்டாவிலான்:
நேற்று எழுதியதில் "ஏறக்குறைய" இல்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

புதுஆள்:
குட்டியை எடுத்துவிட்டேன். இப்போது அலுமாரிக்குப் பின்னால் புகுந்துவிட்டது, மூக்கு மட்டும் தெரிகிறது. பால் வைத்தேன், வரவில்லை. என்ன செய்வது?

கிளினிக்மிஸ்:
பக்கத்தில் நிலத்தில் இருங்கள். அதைப் பார்க்க வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். பால் வயிற்றைக் குழப்பும். கோழி அவித்த தண்ணியில் சோற்றை மசித்து வையுங்கள். பல்லைப் படம் எடுத்துப் போட்டால் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம்.

கோண்டாவிலான்:
தம்பி, முதலில் சரியான வயதைச் சொல்லும். பன்னிரண்டுக்கு மேலா கீழா?