28 அடி ஏர்ஸ்ட்ரீமை விட்டு இறங்குகிறோம்: அதே பிராண்டில் சிறியதா, ஃபைபர் கிளாஸ் முட்டையா?

கொலம்பஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 67 வயது, மனைவிக்கு 64. ஓஹையோவில் இருக்கிறோம். ஒன்பது வருடமாக 28 அடி ஏர்ஸ்ட்ரீம் இன்டர்நேஷனல் என்ற வீட்டு ட்ரெய்லரை முக்கால் டன் ரகப் பிக்கப் ட்ரக்கில் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தோம். முதல் நான்கு வருடம் பிள்ளைகள் கூட வந்தார்கள். இப்போது இரண்டு பேர்தான். போன வருடம் என் வலது தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ட்ரெய்லரை ட்ரக்கோடு பிணைக்கும் ஹிட்ச்சின் கம்பிகளை நெம்பித் தூக்கி மாட்டுவது இனி என்னால் ஆகாது.

ட்ரெய்லர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதையும் ட்ரக்கையும் விற்றுவிட்டு, வீட்டில் ஏற்கெனவே நிற்கும் டொயோட்டா ஹைலேண்டர் காரால் இழுக்கக்கூடிய ஒன்றை வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஹைலேண்டரின் இழுவை வரம்பு 5,000 பவுண்டு. ஏர்ஸ்ட்ரீமிலேயே பாம்பி 22 அடி ஒரு யோசனை. ஃபைபர் கிளாஸில் முட்டை வடிவில் வரும் காசிட்டா 17 அடி இன்னொன்று. அதே ஃபைபர் கிளாஸில் வரும் ஆலிவரும் மனத்தில் ஓடுகிறது. பிராண்ட் மாறியவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

ரிவெட் ரசிகன்

ஐயா, கொலம்பஸில் குடியிருந்துகொண்டு இந்தக் கேள்வியா? ஜாக்சன் சென்டர் உங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 1952 முதல் ஏர்ஸ்ட்ரீமை அங்கேதான் செய்கிறார்கள். பழுது பார்க்கும் இடமும் தொழிற்சாலையோடு சேர்ந்தே இருக்கிறது. காலையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், அந்த வண்டியைச் செய்த ஊர்க்காரரே வந்து பார்ப்பார். இந்த வசதிக்காக மற்றவர்கள் ஆயிரம் மைல் ஓட்டி வருகிறார்கள். அதை விட்டுவிட்டு டெக்சஸில் செய்த முட்டையை வாங்கி, கதவின் ரப்பர் போனால் அங்கே போன் போடப் போகிறீர்களா?

ஒன்பது வருடமாகக் குறையில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அளவை மாற்றுங்கள், ஆளை மாற்றாதீர்கள். பாம்பி 22 போதும்.

முட்டைக்கூடு

ரசிகன் அவர்களுக்குப் பெயரிலேயே ரிவெட் இருக்கிறது. அதனால் தகரத்தின் இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு நாள் தண்ணீர் விடும் என்பது அவருக்கு உறைப்பதில்லை. ஏர்ஸ்ட்ரீம் உடல் அலுமினியத் தகடுகளை ஆயிரக்கணக்கான ரிவெட்டால் தைத்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தையல் தையல்தான்.

காசிட்டா, ஸ்கேம்ப், எஸ்கேப் போன்ற முட்டை வண்டிகள் எல்லாம் கொழுக்கட்டை அச்சில் வார்த்ததுபோல மேல் பாதி ஒன்று, கீழ் பாதி ஒன்று. இரண்டும் இடுப்பில் சேரும். கூரையில் இணைப்பே கிடையாது. 1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் போலர் என்ற 13 அடி ஃபைபர் கிளாஸ் வண்டியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து போலர்கள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. பலகைச் சட்டத்தில் கட்டிய அந்தக் காலத்து ட்ரெய்லர் எத்தனை மிஞ்சியிருக்கிறது?

இன்னொன்று அகலம். காசிட்டா 6 அடி 8 அங்குலம். உங்கள் இன்டர்நேஷனல் எட்டரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஹைலேண்டரின் கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லர் தாண்டிப் பின்னால் வரும் கார் தெரியும். 67 வயதில் அந்த நிம்மதிக்கு விலை கிடையாது.

கணக்குப்பிள்ளை

இரண்டு பக்தர்களும் சற்று மூச்சு விடட்டும். நான் எண்களைப் போடுகிறேன்.

பாம்பி 22-இன் முழுச்சுமை வரம்பு, அதாவது வண்டியும் அதில் ஏற்றியதும் சேர்ந்த எடை, 5,000 பவுண்டு. ஹைலேண்டரின் வரம்பும் 5,000. பொருத்தம் என்று தோன்றும், ஆனால் அங்கேதான் சறுக்கும். ட்ரெய்லர் ஆடாமல் வரவேண்டுமானால் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் உட்காரவேண்டும். 5,000-க்கு அது 500 முதல் 750 பவுண்டு. 5,000 இழுக்கும் எஸ்யூவிகள் பலவற்றில் ஹிட்ச்சுக்கான வரம்பே 500தான். அதோடு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் மஞ்சள் எழுத்தோடு ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். நீங்கள், மனைவி, பின்னால் அரிசி மூட்டை, அதற்கு மேல் இந்த ஹிட்ச் எடை எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்கவேண்டும். வரம்பின் விளிம்பில் மேற்கு வர்ஜீனியா மலையில் ஏறி இறங்கிப் பாருங்கள், நான் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

ஆலிவர் பற்றி ஒரு மாயை இருக்கிறது. 23 அடி ஆறு அங்குலம் உள்ள எலீட் டூ மாடலைப் பார்த்து "சிறியது" என்கிறார்கள். அதன் முழுச்சுமை வரம்பு 7,000 பவுண்டு. ஏர்ஸ்ட்ரீம் 25 அடி ஃப்ளையிங் கிளவுடுக்கு 7,300. இரட்டைச் சுவர் வைத்த ஃபைபர் கிளாஸ், கனமாகத்தான் இருக்கும். நீளத்தில் கொஞ்சம் குறைந்தது, எடையில் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஆலிவர் வாங்கினால் ட்ரக்கை விற்கமுடியாது. உங்கள் நோக்கமே போய்விட்டது.

காசிட்டா 17, ஏர்ஸ்ட்ரீம் பாம்பி 16. இரண்டுக்கும் வரம்பு 3,500. உங்கள் ஹைலேண்டருக்கு உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் இடையில்தான். பிராண்ட் பெயர் இதற்குப் பிறகு வரும் பேச்சு.

ரிவெட் ரசிகன்

22 இல்லாவிட்டால் 16. அதுவும் ஏர்ஸ்ட்ரீம்தானே! என் வாதம் அப்படியே நிற்கிறது.

முட்டைக்கூடு ஒன்றைச் சொல்லாமல் நழுவினார். காசிட்டாவின் உள் அலமாரிகளைத் தாங்குவதும் வெளிச்சுவரைத் துளைத்துப் போட்ட ரிவெட்டுகள்தான். வெளியே பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். அது வெயிலில் காய்ந்து விழுந்தால் அங்கேயும் நீர் புகும்.

முட்டைக்கூடு

மூடி விலை சில்லறைக் காசு. மாற்றப் பத்து நிமிடம். அலுமினியத்தில் ஆலங்கட்டி மழை ஒருமுறை பெய்துவிட்டுப் போகட்டும், எத்தனை ஆயிரம் டாலர் என்று அப்போது பேசுவோம்.

சாரதா_அட்லாண்டா

இவ்வளவு பேர் எழுதுகிறீர்கள், ஒருவர்கூட அடுப்பைப் பற்றிப் பேசவில்லை. சமைப்பது யார் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

நான் இரண்டிலும் சமைத்திருக்கிறேன். காசிட்டாவின் உட்சுவரில் பல வருடங்களாகப் படகுகளில் ஒட்டும் கம்பளத் துணியைத்தான் ஒட்டிவந்தார்கள். குளிர் தாங்கும், சத்தம் குறையும், எல்லாம் சரி. ஒருநாள் கடுகும் பெருங்காயமும் தாளித்துப் பாருங்கள். மறுநாள், மறுவாரம், அடுத்த மாநிலம் வரை அந்த வாசனை கூடவே வரும். மீன் வறுத்தால் விற்கும்போது விலையில் தெரியும். நாங்கள் கடைசியில் ஒரு தூண்டல் அடுப்பு வாங்கி, தாளிப்பை எல்லாம் வெளியே பிக்னிக் மேசைக்கு மாற்றிவிட்டோம். மழை நாளில் ரசம் கிடையாது, தயிர்சாதம்தான்.

ஏர்ஸ்ட்ரீம் உள்ளே பெரும்பகுதி வழவழப்பான சுவர். ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. ஆலிவரின் உட்சுவரும் ஃபைபர் கிளாஸ்தான், அதையும் துடைக்கலாம். நம் வீட்டுச் சமையலுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது குளியலறை. 28 அடியில் உங்களுக்குக் குளிக்கத் தனி இடம் இருக்கும். இந்தச் சின்ன வண்டிகள் பலவற்றில் கழிவறையும் குளியலும் ஒரே பெட்டி. குளித்து முடித்ததும் எல்லாவற்றையும் துடைக்கவேண்டும், டாய்லெட் தாளை வெளியே எடுத்துவைக்கவேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பிறகு முகாமில் இருக்கும் பொதுக் குளியலறைக்கே போகத் தொடங்கிவிடுவீர்கள்.

நெடுவழி நாகு

நான் எதிர்க்கட்சி. இறங்கவே இறங்காதீர்கள்.

நாங்கள் 30 அடியிலிருந்து 19 அடிக்கு மாறினோம். பிராண்ட் பெயர்கள் வேண்டாம். பழையதைக் கடைக்காரரிடமே மாற்றுக்குக் கொடுத்தோம். அவர் கொடுத்த விலையை இன்றும் மனைவியிடம் முழுதாகச் சொல்லவில்லை. அவசரப்பட்டு ட்ரக்கையும் தள்ளிவிட்டேன். முதல் பயணத்தில் ஐந்து நாள் மழை. இரண்டு பேரும் ஒரே மேசையில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறாம் நாள் யார் எதற்காகக் கோபித்துக்கொண்டோம் என்பதுகூட நினைவில்லை. இரண்டு வருடத்தில் மறுபடி 26 அடி வாங்கினோம், மறுபடி ட்ரக் வாங்கினோம். இரண்டு முறையும் நஷ்டம் எங்களுக்குத்தான்.

தோள்வலிக்கு மருந்து ஹிட்ச்சில் இருக்கிறது. எடையைப் பகிர்ந்து தாங்கும் ஹிட்ச்சில் பளுவான கம்பியை நெம்பித் தூக்கத் தேவையில்லாத வகைகள் உண்டு. முன்னால் மின்சார ஜாக் இருந்தால் ட்ரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்தி, கையில் பலமே போடாமல் மாட்டலாம். இதற்கு ஆகும் செலவு ட்ரெய்லர் மாற்றுவதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

கணக்குப்பிள்ளை

நாகு சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவர் தனியாளிடம் விற்காமல் கடையில் கொடுத்த தவறு. ஏர்ஸ்ட்ரீமும் ஃபைபர் கிளாஸ் வண்டிகளும் கைமாறும்போது விலை நிற்கும் என்று பெயர் வாங்கியவை. அந்தப் பலன் கடைக்காரர் வழியாகப் போனால் உங்களுக்கு வராது.

பிராண்ட் பற்றி இவ்வளவு உணர்ச்சி ஏன் என்றும் எனக்குப் புரியவில்லை. ஏர்ஸ்ட்ரீம் 1980 முதல் தோர் நிறுவனத்துக்குச் சொந்தம். ஜெய்கோ, கீஸ்டோன் என்ற மற்ற ட்ரெய்லர் பிராண்டுகளும்கூட அவர்களுடையவைதான். ஆலிவரும் காசிட்டாவும் அந்தக் கூட்டத்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடியில் குனிந்து பார்த்தால் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலில் பெரும்பாலும் டெக்ஸ்டர் என்றுதான் எழுதியிருக்கும். ஃபிரிட்ஜ், ஹீட்டர், காற்றுத்துளை மூடி எல்லாம் ஒரே சில கம்பெனிகள். ஓடு மட்டும்தான் வேறு.

முட்டைக்கூடு

ஆமையிடம் போய் "ஓடு மட்டும்தான்" என்று சொல்லிப் பாருங்கள்.

கொலம்பஸ் ஐயா, சிறியதாக இருந்தால் தேசியப் பூங்காக்களில் இடம் எளிதாகக் கிடைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பழைய முகாம்கள் 28 அடியை நினைத்துக் கட்டியவை அல்ல. மோன்டானாவில் கிளேசியர் பூங்காவின் மலைச்சாலையில்கூட...

ரிவெட் ரசிகன்

அங்கே நிறுத்துங்கள். கோயிங் டு த சன் சாலையைத்தானே சொல்ல வருகிறீர்கள்? அவலாஞ்சி முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவில் 21 அடிக்கு மேல் எதுவும் போகக்கூடாது. அது காரும் ட்ரெய்லரும் சேர்ந்த நீளம். உங்கள் 17 அடி முட்டையும் ஹைலேண்டரும் சேர்ந்தால் 33 அடி. முட்டையானாலும் யானையானாலும் கீழே கழற்றி வைத்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

முட்டைக்கூடு

சரி, அந்த எடுத்துக்காட்டு தவறு. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முகாமில் இடம் கிடைப்பது பற்றிச் சொன்னது நிற்கிறது.

நெடுவழி நாகு

குறித்து வைத்துக்கொள்ளுங்கள், முட்டைக்கூடு ஒன்றைத் திரும்பப் பெற்றார்.

இன்னொரு கேள்வி. பாம்பி 16-க்கும் காசிட்டா 17-க்கும் ஒரே ஆக்சில். 28 அடிக்கு இரண்டு. நெடுஞ்சாலையில் ஒரு டயர் வெடித்தால் இரண்டு ஆக்சில் வண்டி தாங்கி நிற்கும், ஓரம்கட்ட நேரம் கிடைக்கும். ஒற்றை ஆக்சிலில் அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். சிறியது என்றால் பாதுகாப்பு என்று யாரும் மயங்கவேண்டாம்.

கணக்குப்பிள்ளை

இதில் நாகு பக்கம் நிற்கிறேன். ஒற்றை ஆக்சில் வாங்குபவர் டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படிக்கக் கற்கவேண்டும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டை தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆனால் கழற்றி எறியுங்கள். காற்றழுத்தம் காட்டும் கருவியும் அவசியம். ஆனால் ஆயுள் முழுக்க நான்குக்குப் பதில் இரண்டு டயர்தான் வாங்குகிறீர்கள் என்பதும் ஒரு கணக்கு.

கொலம்பஸ்வாசியின் மனைவி

அவருடைய கணக்கிலிருந்துதான் எழுதுகிறேன். அவர் தூங்குகிறார்.

தோள், எடை, எல்லாம் அவர் சொன்ன காரணங்கள். என் காரணம் வேறு. அந்த ட்ரக்கை எனக்கு ஓட்ட வராது. ஒன்பது வருடத்தில் ஒருநாளும் நான் இழுத்ததில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முந்தின மாதம் இந்தியானாவில் அவருக்குக் கை மரத்துப்போனபோது, சாலையோரத்தில் நின்றுகொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மகனுக்குப் போன் போட்டேன். எந்த வண்டி வாங்கினாலும் அதை நான் மாட்டி, நான் ஓட்டி, நான் பின்னால் எடுக்கவேண்டும். அதைத்தான் யாராவது சொல்வார்கள் என்று முழுவதும் படித்தேன்.

என் இன்னொரு கேள்வி படுக்கை. சின்ன வண்டியில் சுவருக்குச் சுவர் குறுக்கே படுக்கை போடுகிறார்களே, சுவரோரம் படுப்பவர் இரவில் எழுந்தால் மற்றவரை ஏறித் தாண்டவேண்டுமா? அவர் இரவில் மூன்று தடவை எழுவார்.

சாரதா_அட்லாண்டா

அக்கா, ஆமாம், தாண்டத்தான் வேண்டும். நாங்கள் அனுபவித்தோம். காசிட்டாவில் லிபர்ட்டி என்ற அமைப்பைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தனித்தனிப் படுக்கை, நடுவில் நடை. யாரும் யாரையும் தாண்டவேண்டாம்.

முட்டைக்கூடு

அம்மா, காலி வாகன நிறுத்தத்தில் ஒரு ஞாயிறு காலை போதும், பின்னால் எடுக்கப் பழகிவிடலாம். ஆனால் ஒன்று சொல்லியாகவேண்டும், பின்னால் எடுக்கும்போது சின்ன ட்ரெய்லர் பெரியதைவிடச் சட்டென்று காரை நோக்கி மடங்கும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ, ட்ரெய்லரின் பின்பக்கமும் அந்தப் பக்கம் போகும்.

கொலம்பஸ்வாசி

விழித்துக்கொண்டேன். படித்தும் விட்டேன்.

நேற்று மாலை வரவேற்பறைத் தரையில் 6 அடி 8 அங்குல அகலத்துக்கு நீல டேப் ஒட்டி, அதற்குள் நாற்காலியும் மேசையும் போட்டு இரண்டு பேரும் இரவுச் சாப்பாடு வரை இருந்து பார்த்தோம். நான்கு தடவை இடித்துக்கொண்டோம். இரண்டு தடவை என் தப்பு. ஆனாலும் அவள் டேப்பைப் பிய்க்கவில்லை. லூயிவில் பக்கம் ஒருவர் லிபர்ட்டியை வாடகைக்குத் தருகிறார், மே மாதம் பத்து நாள் எடுத்திருக்கிறோம். போகும்போதும் வரும்போதும் அவள்தான் ஓட்டுகிறாள். அதுவரை ஏர்ஸ்ட்ரீமும் ட்ரக்கும் வாசலிலேயே நிற்கும்.

ரிவெட் ரசிகன்

நல்லது ஐயா. ஒருவேளை விற்பதாக இருந்தால், வேறு எங்கும் விளம்பரம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.