ரெஜிமென்டா, பட்டாலியனா? தாத்தாவின் பணி விவரம் தேட உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 1965 போரில் பங்கேற்ற என் தாத்தாவைப் பற்றிக் குடும்பத்துக்காக எழுதிவருகிறேன். அவர் இப்போது இல்லை. அவருடைய பணிவிடுப்புச் சான்றிதழில் "மெட்ராஸ் ரெஜிமென்ட்" என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. பட்டாலியன் எண் இருந்த இடம் மடிப்பில் கிழிந்துபோயிற்று.

எனக்குப் புரிந்தவரை, காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது பல பட்டாலியன்கள் அடங்கிய பெருங்குடும்பம். பெயர், சின்னம், "வீர மதராசி, அடி கொல்லு" என்ற போர் முழக்கம், குன்னூர் அருகே வெலிங்டனில் உள்ள பயிற்சி மையம் எல்லாம் அதற்குரியவை. களத்தில் ஒன்றாக நின்று போரிடுவது பட்டாலியன்தான். அதில் ஏறத்தாழ 800 பேர் இருப்பார்கள். ஒரே ரெஜிமென்டின் பட்டாலியன்கள் வெவ்வேறு எல்லைகளில் இருக்கக்கூடும். ஆகவே எண் தெரியாமல் தாத்தா எங்கே நின்றார் என்று சொல்லவே முடியாது. (பீரங்கிப் படையிலும் கவசப் படையிலும் ரெஜிமென்ட் என்பதே பட்டாலியனுக்கு நிகரான ஓர் அலகு.) செய்திகளில் இரண்டையும் "படைப்பிரிவு" என்றே எழுதிவிடுவது என்னைப் போலத் தேடுபவர்களுக்குப் பெரும் தொல்லை.

தாத்தாவின் பணி எண் கையில் இருக்கிறது. அதை வைத்து வெலிங்டனில் உள்ள ஆவண அலுவலகத்துக்கு எழுதினால் பேரனுக்குப் பதில் தருவார்களா, அல்லது ஓய்வூதியம் பெறும் பாட்டிதான் கையொப்பமிட வேண்டுமா? ஓய்வூதிய ஆணையிலோ பதக்கத்தின் விளிம்பிலோ பட்டாலியன் எண் இருக்குமா? முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தயவுசெய்து வழி சொல்லுங்கள். பாட்டிக்கு 88 வயது; விரைவில் தெரிந்தால் அவரிடம் வாசித்துக்காட்ட முடியும்.