இளையோர் மனநல ஆலோசனை: வேலூர்ப் பக்கம் இதைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

குடியாத்தத்தான்:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு 26 வயதாகிறது. பி.காம். முடித்துவிட்டு, மாலை நேர டியூஷன் நடத்தும் நண்பருக்குத் துணையாக இருக்கிறேன். கணக்குக் கேட்க வரும் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு வேறு எதையெதையோ சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். போன மாதம் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், எல்லாரும் போன பிறகும் சைக்கிள் பூட்டைத் திறப்பதும் பூட்டுவதுமாக அரை மணி நேரம் நின்றுவிட்டு, "வீட்டுக்குப் போகப் பிடிக்கலைண்ணா" என்றான். என்ன சொல்வதென்று தெரியாமல், டீ வாங்கிக் கொடுத்து அவன் தெருமுனை வரை கூடவே நடந்தேன். அன்றிலிருந்து இதை முறையாகப் படிக்க வேண்டும் என்றிருக்கிறது. அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. உளவியல் போதும் என்கிறார் ஒருவர், சமூகப் பணி முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.தான் மேல் என்கிறார் இன்னொருவர். இதில் சோறு கிடைக்குமா என்பது வீட்டாரின் கேள்வி.

காட்பாடி அக்கா:
தம்பி, அஞ்சல் வழி யோசனையை முதலில் கைவிடுங்கள். உளவியலைத் தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் தடுத்துவிட்டது. பழைய விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். எந்தப் பட்டம் பெற்றவரும் எம்.எஸ்.டபிள்யூ.வில் சேரலாம் என்பதால், மருத்துவ, மனநலப் பிரிவை எடுத்து நேரடியாகப் படிப்பதே பி.காம். காரருக்கு ஏற்ற வழி. மருத்துவ உளவியலாளர் என்று போர்டு மாட்டுவதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். அது வேறு பாதை.

சோற்றுக்கு வருகிறேன். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் இடங்கள் கூடலாம். ஆனால் நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் எனக்கென்று ஒதுக்கிய அறை விளையாட்டுச் சாமான் அறைதான். ஒரு பெண் அழுதுகொண்டிருக்கும்போதே வாலிபால் எடுக்கக் கதவைத் திறப்பார்கள். சம்பளம் ஒப்பந்த அடிப்படையில், அதுவும் பத்து மாதங்களுக்குத்தான்.

பாகாயத்துப் பெரியவர்:
படிப்பைப் பற்றி அம்மையார் சொன்னது சரி. நான் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பாகாயத்தில் 1957இல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் வழக்கம் உண்டு. பிள்ளையை மட்டும் தனியே பிடித்துத் திருத்திவிட முடியாது என்பதை நான் அங்கே போய்வந்துதான் கண்டேன். உங்களைப் போல வழிகாட்டியாக இருப்பவர் கூடவே நடக்கலாம், படிப்புக்கு வழி சொல்லலாம். நோயைக் கணிப்பதும் சிகிச்சை அளிப்பதும் அவர் வேலையல்ல. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, ஆகவே கேளுங்கள். ஆம் என்றால் அவனைத் தனியே விடாமல், நம்பத் தகுந்த பெரியவர் ஒருவரையும் மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416இல் இரவு பகலாகத் தமிழில் பேசலாம். எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊரும் வகுப்பும் சைக்கிளும் சேர்த்து நீங்கள் இங்கே எழுதியதைப் படித்தால், அந்த டியூஷனில் உள்ள எந்தப் பையனும் அவன் யாரென்று சொல்லிவிடுவான்.

குடியாத்தத்தான்:
ஐயா, தாங்கள் சொன்ன பிறகுதான் உறைத்தது. பதிவைத் திருத்தும் நேரம் கடந்துவிட்டதால், அந்த வரிகளை நீக்கச் சொல்லி நெறியாளருக்கு எழுதியிருக்கிறேன். அக்கா, எம்.எஸ்.டபிள்யூ. சேர்க்கை பற்றி விசாரிக்கத் திங்கட்கிழமை போகிறேன். அந்தப் பையனிடம் நேற்று நேராகவே கேட்டேன். அவன் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை.